இடது சீட்டும் தம்பியின் மஞ்சள் காரும்

வேகமான கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். உட்கார்ந்தார்களாம், மிதித்தார்களாம், வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டதாம். நானும் அப்படி ஒரு காரை ஓட்டியிருக்கிறேன். ஆனால் முதல் தடவை ஓட்டியது முழுக்கப் பின்னோக்கி. இரண்டாம் தடவை முன்னோக்கித்தான் போனேன், அதிலும் கொஞ்சம் குழப்பம் நடந்துவிட்டது. அதனால் என் அனுபவம் மற்றவர்களுடையதைப் போல இருக்காது.

கொச்சியில் மட்டாஞ்சேரியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். எங்கள் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுக்கு வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஊருக்கு நான் டீச்சர். மீன் வாங்கப் போனாலும் டீச்சர்தான். பெண்பிள்ளைகளுக்கு வண்டி கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் தாய்மார்கள் என்னிடம்தான் அனுப்புவார்கள். டீச்சர் வண்டி மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போகும், பயமே வேண்டாம் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டுதான் இத்தனை காலம் பிழைத்து வந்தேன்.

என் பள்ளி வண்டி ஒரு பழைய வெள்ளைக் கார். தலையில் மஞ்சள் போர்டு, முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’. வலது சீட்டில் படிக்க வந்தவர், இடது சீட்டில் நான். என் காலடியில் எனக்கென்று தனியாக இரண்டு பெடல் வைத்திருக்கிறது. இடப்பக்கம் கிளட்ச், வலப்பக்கம் பிரேக். ஆக்ஸிலேட்டர் கிடையாது. டீச்சருக்கு எதற்கு ஆக்ஸிலேட்டர்? வண்டியைப் போக வைப்பது அவர்கள் வேலை, நிறுத்துவது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு வலது காலால் ஊரில் உள்ள அத்தனை ஆபத்துகளையும் நிறுத்தி வருகிறேன்.

அதனாலோ என்னவோ, எனக்குள் ஓர் ஆசை வளர்ந்துவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நூறுக்கு மேல் போக வேண்டும். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இப்படி ஆசைப்படுவது குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுகிற கதைதான். முன்னால் ஆள் தள்ளிப் போகிற ஓர் உந்துவண்டி, அதன்மேல் இஞ்சி மூட்டை. அதைத் தாண்டினால் ஓர் ஆட்டோ, ஆட்டோவைத் தாண்டினால் ஆடு. எங்கள் ஊர் ஆடுகளை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. அவை யாருடைய ஆடுகள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வீதி அவற்றுடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து, இன்னும் நன்றாக உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி இருக்கும்போதுதான் கல்ஃபிலிருந்து என் தம்பி லீவில் வந்தான். அவனுக்கு முன்னே அவன் கார் கப்பலில் வந்துவிட்டது.

உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற கம்பெனியில் அவனுக்கு வேலை. ஆடு மேய்த்தது போலவும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆச்சு என்பார்களே, அப்படி ஒரு வேலையோடு இன்னொரு வேலையாக எப்படியோ சேர்த்து வைத்து, அங்கே யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு பந்தயக் காரை வாங்கியிருந்தான். கண்ணைக் கூச வைக்கும் மஞ்சள். உயரம் என் இடுப்புக்குத்தான் வரும். எஞ்சின் பின்னால் இருந்தது, டிக்கி முன்னால் இருந்தது. அந்த நாட்டு வழக்கப்படி ஸ்டியரிங் இடப்பக்கம். தற்காலிக அனுமதியில் கொண்டுவந்தது, லீவு முடிந்ததும் வந்த வழியே கப்பலில் திரும்பிப் போய்விட வேண்டும். ஆக, என் ஆசை நிறைவேற வேண்டுமென்றால் அந்தக் கப்பல் கிளம்புவதற்குள் நிறைவேற வேண்டும்.

முதல் நாளே கேட்டுவிட்டேன்.

“அக்கா, அது வேண்டா,” என்றான். “இதுக்கு தனியா ட்ரெய்னிங் வேணும்.”

“எனக்காடா ட்ரெய்னிங்? இந்த ஊருக்கே நான்தானே ட்ரெய்னிங் கொடுக்கிறேன்?”

“நீ கொடுக்கிறது நிறுத்தறதுக்கு. இது ஓடற வண்டி.”

சின்ன வயதில் என் சைக்கிளின் பின் கேரியரில் உட்கார்ந்து, இறங்கத் தெரியாமல் அழுத பையன் இவன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். அந்தத் தம்பிக்கு ஒரு கார் வந்துவிட்டால் அக்காளையே அஞ்ச வைக்கப் பார்ப்பான் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

கார் எங்கள் சந்துக்குள் நுழையவில்லை. தெருமுனையில் தெரிந்தவர் ஒருவருடைய மிளகு கிடங்கின் முற்றத்தில் நிறுத்தினான். பக்கத்தில் மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் அரண்மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரோடு நின்று படம் எடுத்தார்கள். தம்பி காலையிலும் மாலையிலும் ஒரு மெத்தென்ற துணியால் அதைத் துடைப்பான். துடைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். யாரும் சாயக் கூடாது, கதவைத் தொடக் கூடாது, பக்கத்தில் நின்று சாயா குடிக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் அதன் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டதற்கே அவருக்கு அரை மணி நேரம் அறிவுரை கிடைத்தது.

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் காரின் கூரைமேல் ஓர் ஆடு நிற்கிறது. தாழ்ந்த கார், சரிந்த முகப்பு. அதற்கு வேண்டுமென்றே படி கட்டிக் கொடுத்தது போலத்தான் இருந்திருக்கும். மேலே நின்று கொச்சிக் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரட்டினால் குளம்பு கீறிவிடும், விரட்டாவிட்டால் வேறு எதையாவது செய்துவிடும். தம்பி கையைக் கூப்பாத குறையாக அதன் முன்னால் நின்று, “எறங்கு மோளே, பைய எறங்கு” என்று கெஞ்சினான். கடைசியில் நான்தான் ஒரு வாழைப்பழத் தோலைக் காட்டி இறக்கினேன். அவன் காரில் எனக்கு முன்னே ஓர் ஆட்டுக்கு இடம் கிடைத்துவிட்டதே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அந்த வருத்தம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் அவனுடைய நண்பர்களுக்கு அல்வாவும் நேந்திரங்காய் வறுவலும் வாங்க வேண்டியிருந்தது. கூட வா என்று கூப்பிட்டான். ஓட்டுவதற்கு அல்ல, உட்கார்ந்து வருவதற்கு.

வலது சீட்டில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது சரியில்லை. கிணற்றில் இறங்குவது போல இறங்கினேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஆட்டோக்காரர்களின் முழங்கால்தான் எனக்கு நேராகத் தெரிகிறது. எஞ்சினைக் கிளப்பியதும் முதுகுக்குப் பின்னால் யாரோ தகரக் கூரையில் தேங்காய் கொட்டுவது போல ஒரு சத்தம். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவ்வளவு சத்தத்தையும் கேட்டுவிட்டு, நாங்கள் ஓர் உந்துவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போனதையும் பார்த்தார்கள். இஞ்சி மூட்டை தள்ளுகிறவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரம் இருந்தால் போய்க்கொள் என்பது போல ஓரமாகக் கையைக் காட்டினார். போக இடமில்லை. பாவம், அவர் மரியாதைக்குக் காட்டினார்.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் தம்பி வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்து, மறுபடி ஏறி, காரைச் சாய்வாகத் திருப்பி ஏற்றினான். பின்னால் வந்த பஸ்காரர் எங்கள் குலம் முழுவதையும் விசாரித்தார். பிராட்வேயில் நிறுத்த இடம் இல்லாமல் மூன்று சுற்றுச் சுற்றினோம். அல்வாவை நான் ஓடிப்போய் வாங்கிவர, அவன் ஊர்ந்துகொண்டே வந்து என்னை ஏற்றிக்கொண்டான். நடந்து போயிருந்தால் நேரம் மிச்சம்.

திரும்பும்போதுதான் வினை வந்தது. பெரிய சாலையில் நெரிசல் என்று பஜார் ரோடு வழியாகத் திருப்பினான். இரண்டு பக்கமும் பழைய கிடங்குகள், நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு வழி. பாதி தூரம் போனதும் எதிரே மல்லி மூட்டை ஏற்றிய ஒரு லாரி. அதற்குப் பின்னால் இன்னொன்று. லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார். பின்னால் போக வேண்டியது நாங்கள்தான் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தம்பிக்கு வியர்த்துவிட்டது. கல்ஃபில் ஆறு வழிச் சாலையில் நேராகப் போவான், நேராக வருவான். பின்னால் போக வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை போலிருக்கிறது. பின்கண்ணாடி தபால் பெட்டியின் வாய் அளவுக்குத்தான் இருந்தது. அதில் தெரிந்தது எஞ்சின் மூடி மட்டும். அவன் ஓரடி பின்னால் எடுப்பான், கார் பீப் பீப் என்று கத்தும், பயந்து இரண்டடி முன்னால் போவான். இப்படியே லாரியின் மூக்கோடு மூக்கு முட்டுகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

கேரளத்தில் லைசன்ஸ் வாங்க வேண்டுமென்றால் ‘எச்’ போட்டுக் காட்ட வேண்டும். மைதானத்தில் கம்பி நட்டு அந்த எழுத்தின் வடிவில் வழி அமைத்திருப்பார்கள். கம்பியைத் தொடாமல் அதற்குள் முன்னும் பின்னுமாகப் போய் வர வேண்டும். ஆகவே என் பிழைப்பே பின்னால் போவதில்தான் இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரிவர்ஸ் சொல்லிக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் அல்வாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா,” என்றான்.

“என்னடா?”

“நீ ஒண்ணு எடுத்துத் தா.”

“இதுக்குத் தனி ட்ரெய்னிங் வேணும்னு யாரோ பறைஞ்சாங்களே.”

“அக்கா, ப்ளீஸ்.”

இறங்கிச் சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தேன். அவன் வலது சீட்டுக்கு வந்தான். இடது சீட்டில் நான், வலது சீட்டில் பயந்துபோன ஒருவர். என் உடம்புக்கு இதைவிடப் பழக்கமான நிலைமை உலகத்தில் கிடையாது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, குரலைக் கனமாக்கி, “ம், ரிவர்ஸ் போடு. ஸ்டியரிங் நேரே வை. பைய எடு,” என்றேன்.

வண்டி அசையவில்லை.

“எடுன்னு சொல்றேன்ல?”

“அக்கா, ஸ்டியரிங் உன் கையிலாக்கும் இருக்கு,” என்றான் தம்பி.

தெருவில் நின்றவர்கள் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்காதது போல இருந்துவிட்டேன். இடப்பக்கப் பெடல் பிரேக், வலப்பக்கப் பெடல் ஆக்ஸிலேட்டர், கிளட்ச் இல்லை என்று அவன் சொன்னான். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பிரேக்கைக் கொஞ்சம் விட்டால் தானாகவே பின்னால் உருண்டது. சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு “போரட்டே, போரட்டே”, வரட்டும் வரட்டும் என்று வழி சொன்னார்கள். ஒரு பக்கச் சுவருக்கு உள்ளங்கை அகல இடைவெளி, மறுபக்கச் சுவருக்கு விரல் அகலம். ஆடு, சைக்கிள், காயப்போட்ட சுக்கு, தூங்குகிற கிழவர் என்று எல்லாவற்றையும் தாண்டி, அந்தப் பந்தயக் காரை பஜார் ரோட்டில் வந்த தூரம் முழுக்கப் பின்னாலேயே கொண்டுவந்து வெளியே விட்டேன். தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தம்பி கண்ணைத் திறந்தபோது பெரிய சாலையின் ஓரத்தில் நின்றிருந்தோம்.

இப்போது பேரம் பேச எனக்கு உரிமை இருந்தது. “முன்னால போகணும். நூறு தாண்டணும். கப்பலுக்கு முன்னாடி,” என்றேன். அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. கீறல் ஒன்றாவது இருந்திருந்தால் மறுத்திருப்பான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வேறு வழியில்லாமல் சம்மதித்தான்.

என் வீட்டுக்காரர் மட்டும் தடுத்துப் பார்த்தார். “போலீஸ் பிடிச்சா உன் டீச்சர் லைசன்ஸ் என்ன ஆகும்? பெண்பிள்ளைங்களை ஆரு அனுப்புவாங்க?” என்றார். சரியான கேள்விதான். வண்டி கற்றுக்கொடுக்கிறவளே வேகமாகப் போய் மாட்டினால் அந்த மஞ்சள் போர்டைக் கழற்றிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் இவர் என்னிடம் படித்துப் பாதியில் விட்டுவிட்டு இன்றுவரை சைக்கிளில் போகிறவர். அவரிடம் தோற்பதா என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். தம்பி இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

காரைத் துறைமுகத்தில் விட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், விடிந்து வெயில் வரும் நேரத்தில் கண்டெய்னர் ரோட்டுக்குப் போனோம். வல்லார்பாடத்திலிருந்து ஏலூர் வழியாகப் போகிற சாலை. நேராக, அகலமாக, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூச்சமே வருகிற அளவுக்குக் காலியாக இருக்கும். ஓரத்தில் வண்டியை நிறுத்தி தம்பி இறங்கினான். நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன். அவன் வலது சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, அதை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான்.

“பைய, அக்கா.”

“தெரியும்.”

மிதித்தேன். அப்பப்பா. மற்றவர்கள் எழுதுவதைக் கேலி செய்தேனே, அத்தனையும் உண்மை. வயிறு முதுகோடுதான் ஒட்டியது. சாலை காலடிக்கு வந்து விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் காயலும் தென்னையும் கலந்து ஒரே பச்சைக் கோடாகிவிட்டன. ஸ்டியரிங் விரலுக்குள் உயிரோடு இருந்தது. இத்தனை வருஷமாக நான் ஓட்டியது காரே இல்லை, சக்கரம் வைத்த நாற்காலி என்று தோன்றியது. முள் எண்பதைத் தொட்டது, தொண்ணூறைத் தொட்டது. நூறைத் தாண்டியபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பல் எல்லாம் தெரியச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம். ஏலூர்ப் பக்கத்து ஃபாக்டரி வாடை காற்றில் வந்தது, அதுகூட மணமாக இருந்தது. ஆசை தீர்ந்தது, இனி காலை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் தூரத்தில் ஒரு கண்டெய்னர் லாரி ஓரத்திலிருந்து மெதுவாகச் சாலைக்குள் மூக்கை நீட்டியது. வெகு தூரம்தான். நிதானமாக வேகத்தைக் குறைக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. நானும் குறைக்கத்தான் செய்தேன். அதாவது, இருபது வருஷமாக எப்படிக் குறைப்பேனோ அப்படி. இடது சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஆபத்து தெரிகிறது. வலது சீட்டைப் பார்த்து, “ஸ்லோ, ஸ்லோ” என்றேன். வலது காலால் என்னுடைய வலப்பக்கப் பெடலை மிதித்தேன். என் பள்ளி வண்டியில் அதுதான் பிரேக்.

கார் பாய்ந்தது.

“ஸ்லோ பண்ணுன்னு சொல்றேன்ல?” என்று தம்பியை அதட்டி, இன்னும் அழுத்தி மிதித்தேன். இன்னும் பாய்ந்தது. “சொன்னாக் கேக்க மாட்டியாடா? காலை எடு!” நான் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு வேகமாகப் போகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முரட்டு மாணவனை நான் பார்த்ததே இல்லை.

“என் காலு சும்மாதான் இருக்கு அக்கா!” என்று தம்பி அலறினான். அலறிக்கொண்டே இரண்டு முழங்கால்களையும் நெஞ்சுவரை தூக்கிக் காட்டினான்.

அந்த முழங்கால்களைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பயத்தில் இரண்டு காலையும் ஒரேயடியாக எடுத்துவிட்டேன். கார் உறுமி, கனைத்து, தானாக அடங்கத் தொடங்கியது. பிறகு இடப்பக்கப் பெடலைத் தேடிக் கண்டுபிடித்து மிதித்தேன். லாரிக்காரர் எங்களைப் பார்த்ததும் நீட்டிய மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, நாங்கள் கடந்து போகிறவரை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, மரத்தடியில், கையில் வேகம் பார்க்கிற கருவியோடு ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

கையைக் காட்டினார். நிறுத்தினேன். நேராக வலப்பக்கத்துக்குப் போனார். நம் நாட்டில் ஓட்டுகிறவர் அங்கேதானே இருப்பார்? குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்து, “எந்தா மோனே, ஏரோப்ளேனோ?” என்றார். “லைசன்ஸ் எடுக்கு.”

மஞ்சள் போர்டு கண்ணுக்குள் வந்தது. காலை வகுப்புக்கு வருகிற பெண்களின் தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சொல்லிவிட வேண்டியதுதான், வேறு என்ன செய்வது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி பர்ஸை எடுத்துத் தன் லைசன்ஸை நீட்டிவிட்டான்.

போலீஸ்காரர் அதை வாங்கி எழுதத் தொடங்கினார். பாதி எழுதியவர் நிறுத்தினார். தம்பியின் முன்னால் பார்த்தார். அங்கே ஸ்டியரிங் இல்லை. சாமான் வைக்கிற சின்னப் பெட்டியும் அதன் மூடியும்தான் இருந்தன. மெதுவாகக் கழுத்தை நீட்டி என் பக்கம் பார்த்தார். நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆரா ஓட்டிச்சது?”

“நான்தான் சார்,” என்றான் தம்பி.

“ஸ்டியரிங் அங்கேயல்லே?”

“சார், அக்கா டிரைவிங் டீச்சர். அவங்க அப்பவே ஸ்லோ பண்ண பறைஞ்சாங்க. திரும்பத் திரும்பப் பறைஞ்சாங்க. நான்தான் கேக்கல.” சொல்லிவிட்டு இரண்டு காலையும் வெறும் தரைமேல் அழுத்தி வைத்துக்கொண்டான்.

ஆடு ஏறியதற்கு அழாத குறையாக நின்றவன். வீட்டுக்காரர் தலை சீவியதற்கு அரை மணி நேரம் பேசியவன். பெடல் இல்லாத, ஸ்டியரிங் இல்லாத ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பச்சைப் பொய்யை முகம் மாறாமல் சொல்கிறான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை நான் அதுவரை சரியாக அறிந்திருக்கவில்லை.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “வண்டி ஆரோட பேரில்?” என்றார்.

“என் பேரில் சார்.”

“அப்போ கேஸும் நின்டெ பேரில்.” எழுதி முடித்து, தாளைக் கிழித்து அவன் கையில் கொடுத்தார். லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் மீசைக்குள் ஏதோ நடந்தது. ஆனால் குரல் கண்டிப்பாகத்தான் இருந்தது. “இனி அக்கா எந்தெங்கிலும் பறஞ்சால் கேக்கணும். மனசிலாயோ?”

“கேக்குறேன் சார்,” என்றான் தம்பி தலையைக் குனிந்துகொண்டு. இந்த ஜன்மத்தில் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.